காரை நிறுத்திவிட்டு வீடு கட்டப் போனவர்



இன்றைக்கு ஒரு வீட்டின் கதை சொல்லப் போகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், ஆசைப்பட்டபடி வீடு கட்டத் தெரியாததால், நடுத்தர வயதை நெருங்கும்போது மறுபடியும் பள்ளிக்கூடம் போன ஒரு மனிதரின் கதை. அவர் நம்ம ஊர்க்காரர் இல்லை. நம்ம கடலுக்கு அந்தக் கரையில் இருந்தவர். பதிவு கொஞ்சம் நீளம்தான். சாவகாசமாகப் படியுங்கள்.

ஏன் இந்தக் கதை என்றால், நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் பலர் இப்போது வீடு கட்டும் வயதில் இருக்கிறீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கார் படம் வரைந்துகொண்டிருந்தவர்கள், துறைமுக ரோட்டில் பைக்கை விரட்டியவர்கள், பழைய காரை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தவர்கள் எல்லாரும் இப்போது கம்பி விலையும் சிமெண்ட் விலையும் பேசுகிறீர்கள். "டீச்சர், காரைப் பத்தி என்ன கேட்டாலும் சொல்லுவேன். வீட்டைப் பத்தி ஒண்ணும் தெரியலையே, இந்த வயசில எங்க போய்க் கத்துக்கிறது?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொழும்பில் பகதல வீதியை ஒட்டி 33-ஆவது ஒழுங்கை என்று ஒரு சிறிய சந்து இருக்கிறது. அதில் 11-ஆம் எண் வீடு. வாசல் கதவைத் திறந்தால் நாம் முதலில் நுழைவது வரவேற்பறை இல்லை, கார் நிறுத்துமிடம். அங்கே 1934-ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று நிற்கும். துணைக்கு ஒரு பழைய மெர்சிடிஸ். அதைத் தாண்டினால் சுவரும் வெள்ளை, தரையும் வெள்ளை என்று நீண்டு போகிற ஒரு நடை. அந்த நடையின் கடைசியில் மேலேயிருந்து வெளிச்சம் விழுகிறது. வீடு அங்கேதான் மெல்ல மெல்லத் திறந்துகொள்கிறது.

இந்த வீட்டைக் கட்டியவர் ஜெஃப்ரி பாவா. பிறந்தது 1919 ஜூலை 23, மறைந்தது 2003 மே 27. இலங்கையின் பாராளுமன்றக் கட்டடம், ருகுணு பல்கலைக்கழகம், தம்புள்ளை அருகே மலைப்பாறையை ஒட்டி நிற்கும் கண்டலம ஹோட்டல் எல்லாம் அவர் வடிவமைத்தவை. ஆசியாவின் பெரிய கட்டடக் கலைஞர்களில் ஒருவர் என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. ஆனால் 30 வயது வரைக்கும் அவருக்கும் கட்டடத் தொழிலுக்கும் சம்பந்தமே கிடையாது. படித்தது ஆங்கில இலக்கியமும் சட்டமும். உயிராக நேசித்தது நல்ல கார்களை.

அவர் கதைக்குள் போகுமுன் நமக்கும் கொழும்புக்கும் உள்ள ஒட்டுறவைச் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

ரயில் 1876-ல் தூத்துக்குடிக்கு வந்தது. அதன்பிறகு சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கே வந்து இறங்கி, இங்கிருந்து கப்பல் ஏறினார்கள். 'போட் மெயில்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பாம்பன் பாலம் கட்டி 1914-ல் தனுஷ்கோடி வழி திறந்த பிறகுதான் அந்தப் போக்குவரத்து அங்கே மாறியது. வ.உ.சி. ஐயா 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களை விட்டதும் இதே தூத்துக்குடி - கொழும்பு வழியில்தான். 2011-ல் கொஞ்ச மாதங்கள் பயணிகள் கப்பல் ஓடி நின்றுபோனது உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் இன்றும் சரக்கு ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போகின்றன.

இன்னொரு உறவும் உண்டு. டச்சுக்காரர்கள் 1656-ல் கொழும்பைப் பிடித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். இரண்டு ஊரிலும் போர்ச்சுக்கீசியரை விரட்டியவர்கள் அவர்கள்தான். நம்ம கடற்கரைச் சாலையில் இருக்கும் பரிசுத்த திரித்துவ ஆலயம் அவர்கள் கட்டியது. இலங்கையில் அவர்கள் வழிவந்தவர்களைப் பறங்கியர் என்பார்கள். பாவாவின் தாய்வழி அந்தச் சமூகம். தந்தைவழியில் முஸ்லிம் ரத்தமும் ஆங்கிலேய ரத்தமும் கலந்தது. ஆக, நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்துபோன அத்தனை பேரும் அவருடைய வம்சத்திலும் வந்துபோயிருக்கிறார்கள்.

தகப்பனார் பெயர்பெற்ற வக்கீல். அவரும் சிறுவயதிலேயே தவறிவிட்டார். பாவா கொழும்பு ராயல் கல்லூரியில் படித்து, 1938-ல் கேம்பிரிட்ஜ் போய் ஆங்கில இலக்கியம் படித்தார். பிறகு லண்டனில் சட்டம் படித்து 1944-ல் பாரிஸ்டர் ஆனார். ஆறரை அடிக்கு மேல் உயரம். கையில் பணம். நல்ல கார். பார்க்கிறவர்களுக்கு ராஜவாழ்க்கைதான். ஆனால் கொழும்புக்குத் திரும்பி வக்கீல் வேலை பார்த்தபோது அதில் மனம் ஒட்டவில்லை. 1946-ல் தாயும் இறந்ததும் வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்றக் கிளம்பிவிட்டார். கிழக்காசியா, அமெரிக்கா, ஐரோப்பா என்று ஏறக்குறைய இரண்டு வருஷம். இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகையை வாங்கி அங்கேயே தங்கிவிட நினைத்தார். அது கைகூடவில்லை.

1948-ல் ஊர் திரும்பியவர், பெந்தோட்டை பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். டச்சுக்காரர் காலத்தில் அது கறுவாத் தோட்டம், வெள்ளைக்காரர் காலத்தில் ரப்பர். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். இரண்டு சிறு குன்று, நடுவில் ஒரு சாதாரண பங்களா. அதற்கு லுணுகங்கை என்று பெயர். சிங்களத்தில் லுணு என்றால் உப்பு, கங்கை என்றால் ஆறு. உப்பாறு! நம்ம ஊர்ப்பக்கம் ஓடுகிற உப்பாற்று ஓடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியில் பார்த்த தோட்ட மாளிகையை இலங்கை மண்ணில் உண்டாக்க வேண்டும் என்பது அவர் கனவு. கனவு பெரிதாக இருந்தது, கைவேலை தெரியவில்லை. ஒரு சுவரை எங்கே எழுப்பினால் காற்று தடைபடும், ஒரு மண்மேட்டை வெட்டினால் மழைத்தண்ணீர் எங்கே பாயும், கூரையின் பாரத்தை எது தாங்கும் என்பதெல்லாம் வக்கீல் படிப்பில் வராத பாடங்கள். மனதில் தெளிவாகத் தெரிகிறதைக் கொத்தனாரிடம் சொல்லத் தெரியாமல் நிற்பது எவ்வளவு பெரிய சங்கடம் என்று, வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்வோம்? ஒரு இன்ஜினீயரைப் பிடித்து, பணத்தைக் கொடுத்து, "எல்லாம் நீங்களே பார்த்துக்கோங்க" என்போம். பாவாவிடம் பணம் இருந்தது. அப்படியே செய்திருக்கலாம். அவர் செய்தது வேறு. 1951-ல் கொழும்பில் 'எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக்' என்ற கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் ரீட் என்பவரிடம் தொழில் பழகுகிற ஆளாகச் சேர்ந்தார். அடுத்த வருஷமே அந்த ஆசான் இறந்துவிட்டார். அதோடு விட்டுவிடவில்லை. லண்டன் போய், கட்டடக்கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். இவருக்கு முப்பத்தைந்து. 1957-ல் முறையாகத் தகுதி பெற்றபோது வயது 38.

பிள்ளைகளே, 38! ஒரு வீட்டையும் தோட்டத்தையும் தன் மனம்போல் அமைக்க வேண்டும் என்பதற்காக, முன்னாள் பாரிஸ்டர் ஒருவர் பென்சிலும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு வகுப்பறைக்குப் போயிருக்கிறார். பெரிய வயதில் பெஞ்சில் உட்கார வெட்கப்படாத மனிதரைப் பார்த்தால் எனக்கு எழுந்து நின்று கும்பிடத் தோன்றும். ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பத்து சொச்சம் வருஷம் சாக்பீஸ் பிடித்தவள் சொல்கிறேன், வயது ஏறிய பிறகு கற்க வருகிறவருக்குக் கேள்வி எது என்று தெளிவாகத் தெரியும். அது பாதிப் படிப்பு.

காரைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசும்போது நம்ம கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை விட்டுவிட முடியாது. 1893-ல் பிறந்தவர். இளவயதில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, முழுசாகப் பிரித்துப் பார்த்தவர். 1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சி - பழனி வழியில் ஓட்டி, பெரிய பஸ் கம்பெனியே நடத்தினார். 1952-ல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் சிறிய காரையும் செய்து காட்டினார். அவருக்கும் வீடு கட்டும் ஆர்வம் உண்டு. காலையில் அஸ்திவாரம் போட்டு, அன்று சாயங்காலத்துக்குள் வீட்டை முடித்துக் காட்டியவர் என்று அவருக்குப் பெயர்.

இரண்டு பேருமே மோட்டார் வண்டியை நேசித்தவர்கள். நாயுடு வீட்டையும் ஒரு இயந்திரம் போலப் பார்த்தார். ஒவ்வொரு பாகத்தையும் முன்கூட்டியே சரியாகத் திட்டமிட்டால் ஒரே நாளில் பூட்டிவிடலாம், செலவும் குறையும், ஏழைக்கும் வீடு கிடைக்கும். அந்த யோசனையில் பெரிய நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அந்தக் காலத்தில் இதே சிந்தனைதான். சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியே, 1920-களின் தொடக்கத்தில் ஒரு மாதிரி வீட்டுக்குத் திட்டம் போட்டு அதற்கு 'சித்ரோவான்' என்று பெயர் வைத்தார். சித்ரோயென் என்ற கார் கம்பெனியின் பெயரைத் திருப்பிச் சொன்ன விளையாட்டு அது. கார் மாதிரியே வீட்டையும் தொழிற்சாலைக் கணக்கில் செய்ய வேண்டும் என்பது அவர் வாதம்.

பாவாவுக்கும் இந்தப் பாடமெல்லாம் லண்டனில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஊருக்கு வந்து அவர் முதலில் கட்டியவற்றில் ஐரோப்பியச் சாயல்தான் அதிகம். வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை. ஆனால் இலங்கை மழை சும்மா விடுமா? பாசி பிடித்துச் சுவர் கறுத்தது. தட்டைக் கூரை ஒழுகியது. லண்டன் பாடம் கொழும்பு மழையில் செல்லவில்லை. அப்போதுதான் அவர் தன் ஊரின் பழைய வீடுகளைத் திரும்பிப் பார்த்தார். டச்சுக்காரர் வீட்டுத் திண்ணை, முஸ்லிம் வீட்டு முற்றம், சிங்களக் கிராமத்து வீட்டின் தாழ்ந்த ஓட்டுக்கூரை. இவையெல்லாம் நூற்றுக்கணக்கான வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்று பரீட்சை எழுதித் தேறியவை.

அதோடு இன்னொரு நெருக்கடியும் சேர்ந்தது. 1960-களில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வெளிநாட்டுக் கட்டடச் சாமான்களை இறக்குமதி செய்வது கஷ்டமாகிவிட்டது. உள்ளூர் மரம், உள்ளூர்க் கல், உள்ளூர் ஓடு, உள்ளூர் ஆசாரி என்று திரும்ப வேண்டிய கட்டாயம். 1960-62-ல் ஈனா டி சில்வா என்ற பத்திக் கலைஞருக்காக அவர் கட்டிய வீடு அப்படிப் பிறந்ததுதான். நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் அறைகள். தெருவைப் பார்க்காமல் தன் முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வீடு. ஓட்டுக்கூரை ஒழுகாமலிருக்க, நெளி சிமெண்ட் தகட்டின் மேல் நாட்டு ஓட்டைப் பதிக்கும் முறையையும் அவருடைய அலுவலகம் கையாண்டது. பார்வைக்குப் பழைய ஓட்டுவீடு, மழைக்குப் புதிய காவல்.

இதைப் படிக்கும்போது நம்ம ஊர்ப் பழைய வீடுகள் உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா? முன்னால் தார்சா, அடுத்து பட்டாசல், நடுவில் வானம் தெரிகிற முற்றம், பின்னால் அடுக்களை, மேலே மட்டப்பா. கச்சான் காற்று எந்தப் பக்கம் வரும், கொண்டல் எந்தப் பக்கம் வரும், வாடைக்கு எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று தெரிந்து கட்டிய வீடுகள். காயல்பட்டினத்திலும் குலசேகரன்பட்டினத்திலும் மணப்பாட்டிலும் இன்னும் சிலது மிச்சமிருக்கின்றன.

இப்போது 11-ஆம் எண் வீட்டுக்குத் திரும்புவோம். பாவா 1958 வாக்கில் அந்தச் சந்தில் வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளில் மூன்றாவதில் குடியேறினார். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, குட்டி அடுக்களை, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் நாலாவது வீடு காலியானது, அதையும் சேர்த்துக்கொண்டார். பத்து வருஷம் கழித்து, 1968-ல், மிச்ச இரண்டும் கைக்கு வந்தன. முதல் வீட்டை மட்டும் இடித்து, அந்த இடத்தில் மாடிமேல் மாடியாகக் கோபுரம் மாதிரி எழுப்பினார். அடியில் கார்கள், உச்சியில் மொட்டைமாடி. அந்தக் கோபுரத்தைப் பார்த்தவர்கள், இது கொர்பூசியேயின் சித்ரோவான் வீட்டை ஞாபகப்படுத்துகிறது என்பார்கள். கார் பெயர் வைத்த வீட்டின் சாயல், கார் பிரியர் வீட்டு வாசலில்! ஆனால் அதைத் தாண்டி உள்ளே போனால் எல்லாமே முற்றமும் நடையும்தான். சந்துக்குச் சந்து, திருப்பத்துக்குத் திருப்பம், எங்கேயாவது ஒரு துண்டு வானம், கொஞ்சம் செடி, கொஞ்சம் தண்ணீர்.

அந்த முற்றங்களில் ஒன்றில், சிறிய தொட்டியை ஒட்டி நிற்கும் மரத்தூண்கள் நம்ம செட்டிநாட்டிலிருந்து போனவை. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, வருத்தமும் வந்தது.

வருத்தம் ஏன் என்று சொல்கிறேன். நகரத்தார் வட்டித்தொழில் செய்யக் கொழும்புக்குப் போனார்கள். அங்கே அவர்கள் கடை வைத்திருந்த தெருவுக்கு இன்றும் செட்டியார் தெரு என்றுதான் பெயர். பர்மாவுக்குப் போனார்கள். அங்கிருந்து தேக்கு கொண்டுவந்து செட்டிநாட்டில் அரண்மனை மாதிரி வீடு கட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தச் சொத்தெல்லாம் போயிற்று. பங்காளிகள் பிரிந்தார்கள், வீட்டைப் பராமரிக்க ஆளில்லை. கதவும் தூணும் நிலையும் கழற்றப்பட்டுக் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. நாம் வேண்டாமென்று கழற்றிப் போட்ட தூணுக்குக் கடல் தாண்டி ஒருவர் வீட்டு முற்றத்தில் இடம் கிடைத்தது. இன்றைக்கு உலகத்திலிருந்து வருகிறவர்கள் அந்த வீட்டைச் சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.

பாவாவின் கை நம்ம தமிழ்நாட்டிலும் பட்டிருக்கிறது. சென்னை கன்னிமாரா ஹோட்டலை 1970-களில் விரிவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. மதுரை கோச்சடையில், 1970-களின் தொடக்கத்தில், மதுரா மில் அதிகாரிகளுக்கான கிளப்பை வடிவமைத்தார். உள்ளூர்க் கருங்கல், பழைய வீடுகளிலிருந்து கிடைத்த தூண், கதவு என்று கட்டினார். இன்று அது ஹெரிடேஜ் மதுரை என்ற ஹோட்டல். அந்த மில் எது தெரியுமா? ஹார்வி மில். நம்ம ஊர்க் கோரல் மில்லை 1888-ல் தொடங்கிய அதே ஹார்வி. 1908-ல் வ.உ.சி. ஐயா முன்னின்ற தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த அதே மில்லின் குடும்பம். வரலாறு எப்படி எப்படியெல்லாம் முடிச்சுப் போடுகிறது பாருங்கள்.

இன்னொரு தமிழரையும் சொல்லியாக வேண்டும். பாவாவின் பெரிய கட்டடங்கள் நிற்பதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் கே. பூலோகசுந்தரம் என்ற இன்ஜினீயர். 1967-லிருந்து ஏறத்தாழ இருபது வருஷம் அவர் பாவாவின் கூட்டாளி. 1979-ல் பாராளுமன்றம் கட்டும் வேலை வந்தபோது, சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் தீவு போல் விட்டு, அதன்மேல் செப்புக்கூரைக் கட்டடம் எழுப்பி, 1982 ஏப்ரலில் திறந்தார்கள். அந்த அலுவலகத்தில் சிங்களவர், தமிழர், பறங்கியர், முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே மேசையில் வேலை பார்த்தார்கள். அடுத்த வருஷம், 1983 ஜூலையில், அதே கொழும்பில் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நம்ம கரையில் அகதிகளாக வந்து இறங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அதனால்தான் அந்த மேசையை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இவ்வளவு பெரிய வேலைகளுக்கு நடுவிலும் அவர் லுணுகங்கையை விடவில்லை. வாரக்கடைசியில் காரை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். பங்களாவின் வாசலையே திசை மாற்றினார். எதிரே இருந்த குன்றின் உச்சியைக் குறைத்து, அதற்கப்பால் இருந்த ஏரியும் தூரத்துப் புத்தவிகாரையும் வீட்டிலிருந்து தெரியும்படி செய்தார். குறுக்கே போன ஊர்ப்பாதை கண்ணில் படாமல் பள்ளத்தில் இறங்கிப் போகும்படி அமைத்தார். ஈழத்தலரி மரத்தின் கிளைகள் தாழ்ந்து படர வேண்டும் என்று, அவற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். அது வளைய எத்தனை வருஷம் ஆகும்! ஆகட்டும் என்று காத்திருந்தார். 1998-ல் பக்கவாதம் வந்து படுக்கும்வரை, ஐம்பது வருஷம், அந்த வேலை முடியவே இல்லை. 2003-ல் இறந்ததும் அவரை எரியூட்டியது அந்தத் தோட்டத்துக் குன்றின்மேல்தான்.

ஒரே நாளில் வீட்டை முடித்த நாயுடு ஒரு பக்கம். ஐம்பது வருஷத்திலும் முடிக்காத பாவா ஒரு பக்கம். யார் சரி என்று கேட்காதீர்கள். தலைக்கு மேல் கூரையே இல்லாதவனுக்கு நாயுடு வழிதான் வேண்டும். ஆனால் கூரை கிடைத்த பிறகு, ஆயுசுக்கும் வாழப்போகிற வீட்டை மனசுக்குப் பிடித்தபடி செய்ய நினைக்கிறவன் பாவாவிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. காரைத் தொழிற்சாலையில் முடித்துத்தான் நம் கையில் தருகிறார்கள். ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அதன் மதிப்பு குறைகிறது. வீட்டை யாரும் முடித்துத் தர முடியாது. சாவி வாங்கிய அன்றைக்குத்தான் அது தொடங்குகிறது. காரை வாங்கிவிடலாம். வீட்டைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கற்றுக்கொள்ளாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம கடலே சாட்சி. நம்ம கரையில் வீட்டுக்குக் கல்லும் சுண்ணாம்பும் வேண்டும் என்று, தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். கைக்கெட்டிய கல், லேசான கல், யாரும் கணக்குக் கேட்கவில்லை. மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் நம்ம பக்கத்து விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்த பாறையை எடுத்துவிட்டோம், அலை மண்ணை எடுத்துக்கொண்டது. உள்ளூர்ப் பொருளில் கட்டுவது நல்லதுதான். ஆனால் எந்த உள்ளூர்ப் பொருளைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் அந்தப் பாடத்துக்குள் அடங்கியதுதான்.

நான் கட்டடம் படித்தவள் இல்லை. இன்ஜினீயர் சொல்ல வேண்டியதை நான் சொல்லப் போவதில்லை. டீச்சர் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

மனை வாங்கியதும் மறுநாளே வானம் தோண்டாதீர்கள். முடிந்தால் ஒரு கோடை, ஒரு மழை அங்கே போய் நின்று பாருங்கள். மத்தியானம் நிழல் எங்கே விழுகிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கச்சான் காற்றில் புழுதி எங்கிருந்து வருகிறது என்று குறித்து வையுங்கள். கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் "ஏன்" என்று கேளுங்கள். அவர்களுக்குக் கோபம் வராது, சந்தோஷம்தான் வரும். வேலை தெரிந்தவனிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை என்பதுதான் அவர்கள் குறையே.

தாத்தா வீட்டை இடிக்கத்தான் வேண்டும் என்றால் இடியுங்கள், எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது. ஆனால் ஜேசிபியைக் கூப்பிடுமுன் ஒரு வாரம் ஒதுக்கி, அளவெடுத்துப் படம் பிடித்து வையுங்கள். தூண், நிலை, கதவு, நல்ல ஓடு எல்லாவற்றையும் பத்திரமாகக் கழற்றுங்கள். மேலே சொன்ன ஈனா டி சில்வா வீட்டுக்கும் இடிக்கும் நிலை வந்தது. 2009 வாக்கில் அதைக் கவனமாகப் பிரித்தெடுத்து, லுணுகங்கைக்குக் கொண்டுபோய், திரும்பக் கட்டி, 2016-ல் திறந்தார்கள். ஒரு வீட்டையே பெயர்த்துக்கொண்டுபோய் வைக்கிறார்கள். நாம் நாலு தூணையாவது புது வீட்டுப் பட்டாசலில் நிறுத்தலாம் இல்லையா?

கடைசியாக, "இந்த வயசில எங்க போய்க் கத்துக்கிறது?" என்ற கேள்விக்கு. காரைக் கழற்றிப் பார்த்த கை உங்களுடையது. எந்தச் சத்தம் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடித்தவர்கள் நீங்கள். அந்தப் பொறுமையும் அந்தக் கவனமும் வீட்டுக்கும் போதும். பாவா காரை வெறுத்துவிட்டு வீட்டுக்கு வரவில்லை. அந்த ரோல்ஸ் ராய்ஸை வாசலிலேயே நிறுத்திவைத்தார், அதைக் கடந்துதான் வீட்டுக்குள் போக வேண்டும். அதே மாதிரி நீங்களும் பழைய ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை. அதில் கற்றதை எடுத்துக்கொண்டு உள்ளே வாருங்கள். 38 வயது ஒன்றும் பெரிய வயது இல்லை.

உங்கள் வீட்டிலோ, ஆச்சி தாத்தா வீட்டிலோ பழைய தார்சா, பட்டாசல், முற்றம் இருந்தால், படமெடுத்துக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். யார் கட்டியது, எந்த வருஷம், மரம் எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எல்லாரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்